இல்லத் தரிசிப்பும் ஒரு வரவு இடாப்பும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, முதியோருக்கான பணியில் பழைய மாணவிகள் என்பது. நூற்றாண்டு விழாவில் செய்த நன்மைகளை அடுக்கிச் சொல்வது வழக்கம். அதைச் சொல்ல இந்த மண்டபத்தில் வேறு பலர் இருக்கிறார்கள். எங்கள் தரிசிப்புக் குழு விட்ட ஒரு பிழையைப் பற்றியும் அந்தப் பிழை எங்களுக்குப் படிப்பித்ததைப் பற்றியும் பேசுவதற்கு அனுமதி கேட்டோம். சங்கம் மறுக்கவில்லை. அதற்கு முதலில் நன்றி.

1995ஆம் ஆண்டில் எங்கள் வகுப்பு ஒன்பதாம் ஆண்டில் இருந்தது. வகுப்பாசிரியை ஒரு கணித ரீச்சர். மேடைகளில் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டிருந்தபடியால் ரீச்சர் என்றே சொல்கிறோம். காலையில் இடாப்புக் கூப்பிடும்போது அவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்துவார். சத்தம் கேட்டால் மட்டும் வரவு போடமாட்டார், முகத்தையும் பார்ப்பார். ஒருத்திக்காக இன்னொருத்தி குரல் கொடுத்துத் தப்ப முடியாது. ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் பின்னேரம் அவருடைய சைக்கிள் அந்த வீட்டுப் படலையில் நிற்கும்.

அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதியை இங்கே இருக்கும் பலருக்கு நினைவூட்டத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. சில கிழமைகள் கழித்து, சாவகச்சேரியில் ஒரு விறாந்தையில் நாலு குடும்பங்களோடு தங்கியிருந்த எங்களில் ஒருத்தியைத் தேடி ரீச்சர் வந்தார். அவருடைய பையில் உடுப்புகளுக்கு நடுவே பொலித்தீனில் சுற்றிய எங்கள் வகுப்பு இடாப்பு இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் எழுதிக்கொண்டு திரிந்தார். ஒரு பெயருக்கு நேரே கொடிகாமம், மாமா வீடு. இன்னொன்றுக்கு மீசாலை, பள்ளிக்கூடம். வேறு சிலவற்றுக்கு வன்னி. “ஆர் ஆர் எங்கை இருக்கினம் எண்டு தெரிஞ்சாத்தானே பிள்ளை வகுப்பு வைக்கலாம்” என்றார். மரத்தடியில் வகுப்பும் வைத்தார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. ரீச்சர் இளைப்பாறினார். கணவர் காலமானார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். பெரிய வீடு, பெரிய வளவு, கிணற்றடி, ஒரு நாய். நாலு பேர் பார்க்க வேண்டிய வீட்டில் ஒரு மனுசி. இது எங்கள் ஊரில் அரிய கதை அல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். அதன் பிறகு அந்தப் பங்கு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. போரும் புலம்பெயர்வும் எங்கள் பகுதிகளில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டன. தாய் தகப்பன் இங்கே, பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். காசு வருகிறது. தொலைபேசியும் வருகிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தால் தூக்க ஆள் வருவதில்லை.

எங்கள் தரிசிப்புக் குழு இந்தக் குறையைக் கண்டு தொடங்கியது. பழைய மாணவிகள் சிலர், தேவாலயத்து மாதர் சங்கத்தினர், அயலில் உள்ள அம்மன் கோயில் தொண்டர் சபைப் பெண்கள் சேர்ந்தோம். தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குக் கிழமைக்கு ஒரு தடவை, இருவர் இருவராகப் போவோம். கதைப்போம். கேட்டால் செபிப்போம், அல்லது தேவாரம் படிப்போம். மருந்து முடிந்திருந்தால் எடுத்துக் கொடுப்போம். எங்களில் வைத்தியர்களும் தாதியரும் ஆசிரியர்களும் வீட்டில் இருப்பவர்களும் உண்டு. நல்ல மனதோடுதான் செய்தோம். நல்ல மனது இருந்தால் போதும் என்றுதான் நினைத்தோம்.

இனிப் பிழைக்கு வருகிறோம்.

ரீச்சரிடம் போவது வெள்ளிக்கிழமை. ஒரு கிழமை போக வேண்டியவர்களில் ஒருவருக்கு வைத்தியசாலையில் இரவுக் கடமை வந்துவிட்டது. அவர் குழுவின் வட்ஸ்அப்பில், “இந்த வெள்ளி ரீச்சரிடம் யாராவது போக முடியுமா?” என்று போட்டார். கீழே நாலு பேர் கட்டைவிரலையும் கும்பிட்ட கையையும் போட்டார்கள். அதற்குக் கீழே நவராத்திரி வாழ்த்து, ஒரு திருநாள் படம், பப்பாசி இலைச் சாறு பற்றிய ஒரு குரல்பதிவு. கேட்டவர், யாரோ போகிறார்கள் என்று நினைத்தார். சோடியாகப் போகிற மற்றவர், வேறு இருவர் போகிறார்கள் என்று நினைத்தார். கட்டைவிரல் போட்டவர்கள், செய்தியைப் பார்த்துவிட்டோம் என்று சொன்னதாக நினைத்தார்கள். கொப்பி எழுதுகிறவர் கட்டைவிரல்களைப் பார்த்துவிட்டு அந்த வெள்ளிக்கு நேரே சரி அடையாளம் போட்டார்.

ஒருவரும் போகவில்லை.

ரீச்சர் அந்த வெள்ளி மத்தியானம் குசினி வாசலில் விழுந்தார். இடுப்போடு சேர்ந்த தொடை எலும்பு முறிந்தது. ஞாயிறு காலை, பகலிலும் விறாந்தை மின்குமிழ் எரிவதைப் பார்த்து அயல்வீட்டுப் பையன் மதில் ஏறிக் குதித்தபோதுதான் தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு நாட்கள். கடமை மாற்றம் கேட்ட அந்த ஒருவர்தான் இன்று உங்கள் முன்னால் நின்று பேசுகிறார்.

வைத்தியர்களுக்குத் தெரிந்த ஒன்றை இங்கே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். விழுவது ஓர் ஆபத்து. விழுந்தபடி கிடப்பது இன்னோர் ஆபத்து. மணிக்கணக்காக ஒரே பக்கம் கிடந்தால் அந்தப் பக்கத்துத் தசை நசிந்து, அதிலிருந்து வெளியேறும் பொருட்கள் சிறுநீரகத்தைத் தாக்கும். தண்ணீர் இல்லாமல் உடல் வறளும். முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். சளி பிடித்து நுரையீரலுக்கு இறங்கும். எனவே விழுந்தவரை ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடிப்பதற்கும் இரண்டு நாளில் கண்டுபிடிப்பதற்கும் இடையில் இருப்பது சில நேரங்களில் ஓர் உயிர். ரீச்சர் பிழைத்தார். சத்திரசிகிச்சை நடந்தது. புண் ஆற மாதங்கள் எடுத்தன.

விடுதியில் அவரைப் பார்க்கப் போனபோது மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. அவர்தான் கேட்டார்: “உங்கடை கொப்பியிலை அண்டைக்கு என்ன போட்டிருக்கு?” உண்மையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, “முகத்தைப் பாக்காமல் வரவு போடக்கூடாது, பிள்ளையள்” என்றார். அவ்வளவுதான்.

இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது அந்த ஒரு வசனத்தைத்தான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

குழுவைத் திருத்தத் தொடங்கியபோது எங்களுக்குள்ளேயே ஓர் எதிர்ப்பு வந்தது. “இது தொண்டு, கந்தோர் வேலை இல்லை. கடவுளுக்குத் தெரியும், எழுதி என்ன?” என்று மூத்தவர்கள் சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. தொண்டைக் கணக்குப் பார்த்தால் அதன் அன்பு போய்விடும் என்ற பயம் அதில் இருந்தது. ஆனால் எங்கள் சமயங்களின் பழைய நடைமுறைகளைத் தேடிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது.

புதிய ஏற்பாட்டில் திருத்தூதர் பணிகள் என்ற நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு சண்டை வருகிறது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் கவனிக்கப்படாமல் விடுபடுகிறார்கள் என்ற முறைப்பாடு எழுகிறது. திருத்தூதர்கள் அதற்காகச் செபத்தை மட்டும் கூட்டவில்லை. சீடர்கள் பெயர் சொல்லித் தெரிந்த ஏழு பேரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். திருச்சபையின் தொடக்க காலத்திலேயே தனித்த முதிய பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் குறித்த பொறுப்பாளர்களைத்தான் மருந்தாகக் கண்டிருக்கிறார்கள்.

1833இல் பரிசில் தொடங்கிய வின்சென்ற் டி போல் சபையினர் வறியவர்களின் வீடுகளுக்கு இருவராகச் செல்வதை வழக்கமாக்கினார்கள். 1921இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனையில் ஒவ்வோர் உறுப்பினரும் வாராந்தக் கூட்டத்தில் தான் போன இடத்தையும் செய்த வேலையையும் வாய்மூலம் அறிக்கையிட வேண்டும், அங்கே கேட்டது வெளியில் போகக்கூடாது. சைவத்தில் அப்பர் பெருமானின் உழவாரப் பணியை நினைக்கிறோம். புல் முளைத்த இடத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் செதுக்கினால்தான் அது பணி. நோயாளியை நலம் விசாரிப்பது எங்கள் முஸ்லிம் சகோதரிகளுக்கு மார்க்கக் கடமை. இவர்களில் ஒருவரும் அன்பையும் ஒழுங்கையும் எதிரிகளாகப் பார்க்கவில்லை.

எனவே கொப்பியை மாற்றி எழுதினோம். மூன்று பொருட்கள்தான் எங்களிடம் இருக்கின்றன. ஒன்று, ஒருங்கிணைப்பாளரிடம் இருக்கும் தடித்த சீ.ஆர். கொப்பி. இரண்டு, ஒவ்வொரு முதியவரின் வீட்டிலும் கிளினிக் கொப்பியோடு ஒரே பொலித்தீன் உறையில் வைக்கும் ஒரு மட்டை. மூன்று, எல்லோரிடமும் இருக்கும் கைத்தொலைபேசி.

வீட்டு மட்டையில் இருப்பவை இவை. அவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார். எந்த அயலவரிடம் திறப்பு இருக்கிறது. ஊரில் முதலில் அழைக்க வேண்டிய ஒருவர். வெளிநாட்டுப் பிள்ளையின் இலக்கமும் அங்கே எத்தனை மணிக்கு எழுப்பலாம் என்பதும். எந்தக் கிளினிக், எந்த நாள். ஒத்துவராத மருந்து. செபம் வேண்டுமா, தேவாரம் வேண்டுமா, ஒன்றும் வேண்டாமா. நாய் கடிக்குமா. சிரிக்கிறீர்கள். நாய்க்குப் பயந்து படலையோடு திரும்பிய தொண்டர்களின் கதைகள் எங்களிடம் நிறைய உண்டு.

போய் வந்தபின் கொப்பிக்குப் போக வேண்டியவை ஐந்து வரிகள். யார், எப்போது போனோம். அவரைக் கண்ணால் கண்டோமா. சாப்பாடு, நடை, மருந்து, மனம் எப்படி. நாங்கள் என்ன வாக்குக் கொடுத்தோம். அடுத்தது யார், எப்போது. இந்த ஐந்தாவது வரி எழுதப்படும் வரை அன்றைய தரிசிப்பு முடியவில்லை என்பது எங்கள் ஒழுங்கு. படலையைச் சாத்திக்கொண்டு வருவதோடு ஒரு தரிசிப்பு முடிவதில்லை. அடுத்துப் போகிறவருக்குத் தெரிந்தபின்தான் முடிகிறது.

இரண்டாவது வரியும் முக்கியம். போனோம் என்பது வேறு, கண்டோம் என்பது வேறு. கேற் பூட்டியிருந்தது, கூப்பிட்டோம், பதில் இல்லை, கோயிலுக்குப் போயிருப்பார் என்று திரும்பினோம் என்றால் கொப்பியில் காணவில்லை என்றுதான் எழுத வேண்டும். காணவில்லை என்று எழுதினால் அன்றே மூன்று வேலை. அவருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். திறப்பு உள்ள அயலவரை அனுப்ப வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் ஊரில் உள்ள உறவினரையும் கிராம அலுவலரையும் அழைக்க வேண்டும். பொழுதுபட முதல் ஒருவர் அந்த முகத்தைக் காண வேண்டும். பத்தில் ஒன்பது தடவை அவர் கோயிலில்தான் இருப்பார். “என்னைத் தேடி ஊரையே கூட்டிப்போட்டியள்” என்று ஏசுவார். அந்த ஏச்சை வாங்கிக்கொள்ளலாம்.

பொறுப்பைக் கைமாற்றும் முறையை விடுதியிலிருந்து எடுத்தோம். விடுதியில் கடமை மாறும்போது ஒரு தாதிய உத்தியோகத்தர் மற்றவருக்குக் கட்டில் கட்டிலாகச் சொல்லிக் கொடுப்பார். தொலைபேசியில் மருந்தின் அளவைச் சொன்னால் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத கட்டளை போய்ச் சேராத கட்டளை. எங்கள் குழுவிலும் இனி “யாராவது” என்ற சொல் இல்லை. போக முடியாதவர் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அவர், “வெள்ளி நாலு மணிக்கு ரீச்சரிடம் நான் போகிறேன்” என்று முழு வசனமாகப் பதில் எழுத வேண்டும். கட்டைவிரலைச் சம்மதமாக எடுப்பதில்லை. மௌனத்தையும் எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் இதற்கென்று தனிக் குழு வைத்தோம். அதில் வாழ்த்தும் படமும் குரல்பதிவும் போடுவதில்லை. வாழ்த்துக்கு வேறொரு குழு இருக்கிறது. அங்கே பப்பாசி இலை தாராளமாக வரலாம்.

தொண்டர்கள் வைத்தியர்களாக வேண்டியதில்லை. ஆனால் எதை எப்போது சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மூன்று நிறங்களாகப் பிரித்தோம். சிவப்பு என்றால் உடனே 1990 சுவசெரிய. விழுந்து எழும்ப முடியாமை, முகம் ஒரு பக்கம் இழுத்தல், கை கால் ஒரு பக்கம் சோர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சு நோ, மூச்சு முட்டல் இதில் வரும். நேற்றுத் தெளிவாக இருந்தவர் இன்று ஆளைத் தெரியாமல் பேசுவதும் இதில்தான் வரும். இந்தக் கடைசியை வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். திடீர்க் குழப்பம் வயதின் இயல்பு அல்ல. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சீனி குறைந்திருக்கலாம், உடல் வறண்டிருக்கலாம். பெரும்பாலும் மாற்றக்கூடியது.

மஞ்சள் என்றால் அன்றே ஒருங்கிணைப்பாளருக்கு. கிளினிக் தவறியது, உடுப்புத் தொய்ந்து போகுமளவுக்கு மெலிந்தது, காரணம் சொல்லாமல் அழுதது, ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு போத்தலில் இருந்தது. கடைசியை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அரச கிளினிக்கில் ஒரு பெயர், தனியார் மருந்தகத்தில் இன்னொரு பெயர், இரண்டும் இரத்த அழுத்தத்துக்கான அதே மருந்து. இரண்டையும் போட்டுவிட்டு எழும்பும்போது தலை சுற்றி விழுவார்கள். தொண்டர் மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது, கிளினிக்கில் காட்டச் சொல்ல வேண்டும். பச்சை என்றால் கொப்பியில் எழுதினால் போதும்.

கைத்தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் பதியலாமே, செயலி ஒன்று செய்யலாமே என்று இளையவர்கள் கேட்டார்கள். செய்து பார்த்தோம், இன்றும் ஒரு பகுதியைப் பயன்படுத்துகிறோம். ஆனால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. பெற்றோல் வரிசையில் நாள் முழுக்க நின்றவர்கள் தரிசிப்புக்கு எப்படிப் போவது? அப்போது சீ.ஆர். கொப்பிதான் நின்றுபிடித்தது. பட்டியலை விரித்து வைத்து, சமயம், நட்பு எல்லாவற்றையும் விட்டு, நடந்து போகும் தூரத்தைப் பார்த்துத் தெருத் தெருவாக வீடுகளைப் பிரித்தோம். அதற்கு முன் 2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்தபோது தரிசிப்பைத் தொலைபேசிக்கு மாற்றினோம். கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு வந்தபோது, யார் எந்தக் கிளினிக் என்று ஒரே பார்வையில் சொல்ல அதே பட்டியல் உதவியது. கருவி எதுவாகவும் இருக்கலாம். மின்சாரம் போனாலும், எழுதியவர் இல்லாவிட்டாலும், அடுத்தவரால் வாசிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

இவ்வளவும் எழுதத் தொடங்கியபின் எதிர்த் திசையில் ஒரு பிழை விட்டோம். அதையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் பாசத்தோடு, ஓர் ஆச்சியின் சிறுநீர்க் கோளாற்றைச் சொல்லி அவருக்காக மன்றாடும்படி ஞாயிறு வழிபாட்டில் கேட்டுவிட்டார். ஊர் முழுவதும் செபித்தது. ஆச்சி அதன்பின் இரண்டு மாதம் எங்களுக்குப் படலை திறக்கவில்லை. அவருடைய உடம்பின் கதையை அவரைக் கேட்காமல் ஊருக்குக் கொடுத்துவிட்டோம். நல்ல நோக்கம் இங்கேயும் இருந்தது.

அதன்பின் வந்தவை எங்கள் எல்லைகள். கொப்பியில் என்ன எழுதுகிறோம் என்பதை முதியவருக்கு வாசித்துக் காட்டுவோம், வேண்டாம் என்றால் வெட்டுவோம். தொலைபேசிக் குழுவில் பெயர் போடுவதில்லை, வீட்டுக்கு ஓர் எண். நகை, வங்கி, காணிச் சண்டை, மருமகள் கதை எதையும் எழுதுவதில்லை. படம் எடுப்பதில்லை. முதியவரின் கையில் பிஸ்கட் பொதியைக் கொடுத்துவிட்டு எடுத்த படம் முகநூலில் வந்தால், ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பிள்ளைகளுக்கு நிலைமை சொல்வதும் தாயின் சம்மதத்தோடுதான், உயிர் ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. காசு எடுத்துக் கொடுக்க நேர்ந்தால் இருவர் போவார்கள், துண்டு வாங்குவார்கள். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைச் சிறப்புக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே அந்த ஆச்சியின் பூட்டிய படலை எங்களுக்கு அதைச் சொல்லிவிட்டது.

சமயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனிமையில் இருப்பவர் மறுத்துப் பேசத் தயங்குவார். மறுத்தால் அடுத்த கிழமை வரமாட்டார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். அந்தப் பயத்தின் மேல் எவரும் தங்கள் சமயத்தை நடக்கூடாது. எங்கள் குழுவில் தேவாலயத்துப் பெண் ஒருவர்தான் ஓர் ஐயாவுக்குக் கந்தசஷ்டி விரத நாட்களை ஞாபகப்படுத்துகிறார். கோயில் தொண்டர் ஒருவர்தான் ஓர் அன்ரியை ஞாயிறு பூசைக்கு முச்சக்கரவண்டி பிடித்து ஏற்றிவிடுகிறார். இதை நாங்கள் திட்டமிடவில்லை. மட்டையில் எழுதியிருந்தபடி செய்தார்கள், அவ்வளவுதான்.

ரீச்சரின் கதையை முடிக்கவில்லை. வீடு திரும்பி, பெறாமகளின் துணையோடு நடைச்சட்டம் பிடித்து நடக்கத் தொடங்கியபோது, புதிய கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஆசிரியையிடம் வீட்டுவேலை காட்டுகிற பயம் எங்களுக்கு. கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு நிரலாகப் பார்த்தார். “நீங்கள் எங்களைப் பதியிறியள். நாங்கள் உங்களைப் பதிய இடம் எங்கை?” என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. முதியவர்களை நாங்கள் பார்க்கப்படுகிறவர்களாக மட்டும் வைத்திருந்தோம். அடுத்த கிழமை ரீச்சர் தானே ஒரு கொப்பிக்குக் கோடு போட்டு வைத்திருந்தார். தனியாக இருக்கும் பத்துப் பன்னிரண்டு முதியவர்களின் பெயர்கள், அவரவர் சம்மதத்தோடு. தினமும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் இடாப்புக் கூப்பிடுவார். முகத்தைப் பார்க்க முடியாதே என்று பகிடியாகக் கேட்டோம். “குரலிலை முகம் தெரியும்” என்றார். எங்கள் தொண்டர்களின் பெயரும் அதில் இருந்தது. வருகிறோம் என்று சொல்லி வராவிட்டால் எங்களுக்கும் சிவப்புப் புள்ளடி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த இடாப்பில் ஓர் அம்மாவின் பதில் சரியாக வரவில்லை. தொலைபேசியை எடுத்தார், ஆனால் கேட்ட கேள்விக்கு வேறெதையோ சொன்னார். ரீச்சர் உடனே எங்களையும் அயலவரையும் அழைத்தார். நீரிழிவு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார், சீனி இறங்கிவிட்டது. அரை மணித்தியாலத்துக்குள் ஆள் போனது. அந்த அம்மா இன்றும் இருக்கிறார்.

ரீச்சர் சென்ற ஆண்டு காலமானார், தன் கட்டிலில், பிள்ளைகள் வந்து சேர்ந்தபின். காலை இடாப்பை இப்போது இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் கூப்பிடுகிறார். அவருக்கு எண்பத்தொரு வயது.

முடிக்க முன் இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, எமது அங்கத்தவர் பட்டியலில் 75 வயதைக் கடந்து தனியாக இருப்பவர்கள் யார் என்று குறித்து வையுங்கள், அவர்களைக் கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும். எமக்குப் படிப்பித்தவர்களையும் கல்லூரியில் பணியாற்றிய ஏனைய ஊழியர்களையும் சேருங்கள். ஆண்டுக்கொரு முறை பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த நாள் அவர்கள் எழும்பினார்களா என்று கேட்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டுக் கிளைகளில் இருக்கும் சகோதரிகளுக்கு. உங்கள் தாய் தகப்பனுக்கு அனுப்பும் காசோடு ஒரு வேலையும் செய்யுங்கள். ஊரில் திறப்பு வைத்திருக்கும் ஒருவரின் பெயரையும் இலக்கத்தையும் இன்றிரவே அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். இலக்கம் மாறினால் மாற்றி எழுதுங்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டில் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு அது நினைவூட்டுகிறது. பிரதேச செயலகங்களில் முதியோருக்கென உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் நாடுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் படலையைத் திறப்பது யார் என்பதை எந்தச் சட்டமும் எழுத முடியாது.

மூன்றாவது, பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு. தரிசிப்புக்கு வாருங்கள், ஆனால் ஒரு தெருவை, ஒரு வீட்டை எடுத்தால் எடுத்ததுதான். முடியாத நாள் வந்தால் முடியாது என்று சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை. களைத்துப்போனால் அதையும் சொல்லுங்கள். நாங்கள் பார்க்கப் போனவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோகும்போது எங்களுக்கும் வலிக்கிறது. மாதம் ஒருமுறை கூடி அதைப் பேசி அழுதுவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறோம். சொல்லாமல் நின்றுவிடுவதைத்தான் தாங்க முடியாது. படலையில் காத்திருப்பவருக்கு நீங்கள் வராத காரணம் தெரியாது. தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்றுதான் அவர் நினைப்பார்.

எங்களை முகம் பார்த்துக் கூப்பிட்ட ஒருவரின் முகத்தை ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் பார்க்கவில்லை. அந்தக் கொப்பியை நாங்கள் எறியவில்லை. அந்தப் பக்கத்தில் இருக்கும் பொய்யான சரி அடையாளத்தை அழிக்கவும் இல்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு தொண்டருக்கும் முதல் நாள் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறோம்.